துணி அலமாரிக்குள் கொயர்

நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி கூடியது. கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை டிசம்பர் 23 மாலை என்று முடிவானது. அதுவரை நல்லபடியாகத்தான் போனது. பிறகு செயலர் தேவசகாயம் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்த வருஷம் பாட்டுக்குக் கொயர் வேண்டாம். ரெக்கார்டு பண்ணின டிராக் இருக்கு. பட்டனை அமுக்கினா அம்பது பேரு பாடுவாங்க. சுதி விலகாது, நடுவுல டீ கேக்க மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"எங்க கொயர் பாடும் அண்ணாச்சி. நாலு குரல்லயும் பாடும்."

"ஆளு எங்கம்மா? டெனார் சென்னைல, பேஸ் பஹ்ரைன்ல. இங்க இருக்கது நீயும் இன்னும் அஞ்சு பொம்பளப் பிள்ளைகளும். வெளியூர்க்காரங்க லீவுல வந்து எறங்குததே இருவதாம் தேதிக்கு மேல. ரெண்டு நாள்ல என்னத்த படிச்சிருவிய?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எரிச்சல். போதகர் ஐயர் நடுவில் புகுந்தார். "ஹெப்சிபா டீச்சருக்கு ஒரு வாய்ப்பு கொடுப்போம். இருபத்தி மூணாம் தேதி காலையில கமிட்டி முன்னால பாடிக் காட்டட்டும். சரியா வரலன்னா டிராக்."

ஒரு தடவை டிராக் வந்துவிட்டால் அப்புறம் அது போகாது. அடுத்து ஈஸ்டருக்கும் அதுதான். கொயர் என்று ஒன்று எங்கள் சபையில் இருந்ததைப் போட்டோவில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து மீன் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். அப்பா தண்ணீராகக் குடித்தார்.

நவம்பர் 3, திங்கள்

போனில் எல்லாரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பாட வைத்துப் பார்த்தேன். கிங்ஸ்லி சென்னையிலிருந்து (டெனார், ஆண்களின் மேல்குரல்), ஆசீர் அண்ணன் பஹ்ரைனிலிருந்து (பேஸ், அடிக்குரல்), ஷீபா பெங்களூரிலிருந்து (சொப்ரானோ, பெண்களின் மேல்குரல்; நர்ஸ், வாய் நீளம்). நாலாவது குரலான ஆல்டோ நான். ஒருவர் குரல் எழும்பினால் மற்றவர் குரலை போன் அமுக்கிவிடுகிறது. பேசுவதற்கென்றே செய்த சாமான். நாலு பேர் ஒன்றாகப் பாடுவார்கள் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது? கடைசியில் ஷீபா வீட்டு மிக்ஸி மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஆனால் வேறு வழி ஒன்று இருக்கிறது. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவதற்கென்றே ஒரு மென்பொருள். அதற்கு ஒரு சர்வர் வேண்டும். என்னிடம்தான் இருக்கிறதே! என் பழைய லேப்டாப், துணி அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில். கொயரின் பழைய பதிவுகளையெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து மண்டை காய்ந்து வந்தால், அதை நோண்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. மற்ற பெண்கள் ரோஜாச் செடி வைக்கிறார்கள், நான் சர்வர் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்கள் வீட்டுக்குள் வர ஒரு வாசல் திறக்க வேண்டும். போர்ட் ஃபார்வேர்டிங். ரவுட்டரிடம் போய், "இந்தக் கதவு எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் அலமாரிக்கு அனுப்பு" என்று சொல்லி வைப்பது. பத்து நிமிஷ வேலை.

நவம்பர் 5, புதன்

பத்து நிமிஷ வேலையாம். திறக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

திறக்கவில்லை. பருப்பும் தீய்ந்தது.

நவம்பர் 8, சனி

கண்டுபிடித்தேன். மூன்று நாளாக ரவுட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு, வாசலை ஒழுங்காகத்தான் திறந்து வைத்திருக்கிறது. திறந்தது அலமாரிக்கு அல்ல, கூடத்து டிவிக்கு!

காரணம் அப்பா. இரவு குடும்ப ஜெபம் முடிந்து "ஆமென்" சொன்ன கையோடு வீடு முழுக்க ஒரு சுற்று போய், ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாப் பிளக்கையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல வருஷமாயிற்று, அதுவும் அணைந்துவிடும். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. காலையில் எல்லாம் எழுந்து வரிசையில் நிற்கும்போது, முந்தி வந்ததற்கு முந்தின எண். டிவியைச் செய்திக்காக அப்பா ஐந்தரைக்கே போட்டுவிடுகிறார், அலமாரியின் எண் டிவிக்குப் போய்விடுகிறது.

"அப்பா, அலமாரிப் பிளக்கை மட்டும் தொடாதீங்க."

"ராத்திரி யாருளா அதுல பாடப் போறா?"

"யாரும் பாட வேண்டாம். அது முழிச்சிருக்கணும்."

"கரண்டு பில்லு நீதான கெட்டுத? என்னமும் செய்யி."

அலமாரிக்கு நிரந்தரமாக ஒரே எண் என்று ரவுட்டரில் எழுதி வைத்துவிட்டேன். பிளக்கின் மேல் சிவப்பு நாடாவும் ஒட்டினேன்.

நவம்பர் 10, திங்கள்

வீட்டுக்குள்ளிருந்து எல்லாம் வேலை செய்கிறது. வெளியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட நுழைய முடியவில்லை. கேபிள் போடுகிற இசக்கியை வரச் சொன்னேன்.

"டீச்சர், நெட்ல நம்ம தெருவுக்கே வெளிய ஒத்த அட்ரஸ்தான். அம்பது வீட்டுக்கும் அதே. வாரவன் எந்த வீட்டுக்குப் போவான்?"

அட! இத்தனை நாள் என் வீட்டு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், தெருமுனைக் கேட் பூட்டிக் கிடக்கிறது. எனக்கென்று தனி அட்ரஸ் வேண்டும் என்றேன்.

"போட்டுத் தாரேன். ஆனா எதுக்கு டீச்சர்? சினிமா விடப் போறியளா?"

"ஞானப்பாட்டு."

"அப்பச் சரி" என்றார், பாதி நம்பிக்கையோடு.

நவம்பர் 13, வியாழன்

திறந்தது! திறந்தது! திறந்தது!

முதலில் உள்ளே வந்தவர் கிங்ஸ்லி. திரையில் பெயர் தெரிந்தது, பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் பட்டை. அவர் "டீச்சர்?" என்றதும் பட்டை துள்ளியது. போனில் கேட்கிற குரல் இல்லை இது. அலமாரிக்குள் ஆளே நிற்கிற மாதிரி இருந்தது. கையில் இருந்த காப்பி கவுனில் கொட்டிவிட்டது.

சத்தம் சீராக வருகிறதா என்று சோதிக்க வேண்டுமே, அதற்காக ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அவர் அலுவலகம், புதுச் சமையல்காரம்மா வைக்கிற சாம்பார், அவருடைய அம்மா இறந்தபிறகு சென்னையில் தனியாக இருப்பது எல்லாம் பேசினோம். குரல் எங்கும் அறுபடவில்லை. சோதனை வெற்றி.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் முழுப் பயிற்சி. உள்ளூர்ப் பிள்ளைகள் ஐந்து பேரும் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்துகொண்டார்கள். இரண்டு கூத்து நடந்தது.

ஒன்று: நான் தெரியாத்தனமாக "எல்லாரும் வரலாம்" என்ற பெட்டியில் டிக் அடித்துவிட்டேன் போல. முதல் பாட்டின் நடுவில் ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் உள்ளே வந்து சாக்ஸபோன் வாசிக்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் வாசித்தார். ஆசீர் அண்ணன், "ஏ ஹெப்சி, யாரும்மா இது, கமிட்டி ஆளா?" என்றார். மனுஷர் வாசித்து முடிக்கும்வரை மரியாதைக்குக் காத்திருந்து, பிறகு கதவைச் சாத்தினேன். இனி கடவுச்சொல் இருந்தால்தான் உள்ளே.

இரண்டு: பாட்டு நகரவே இல்லை. என் குரல் இங்கிருந்து கிளம்பி மற்றவர் காதுக்குப் போக, கண் இமைக்கும் நேரத்தில் கொஞ்சம் ஆகிறது. பஹ்ரைனுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்துக்காக ஆசீர் அண்ணன் கிங்ஸ்லிக்குக் காத்திருக்கிறார், கிங்ஸ்லி எனக்குக் காத்திருக்கிறார், நான் ஷீபாவுக்கு, ஷீபா எல்லாருக்கும். பந்தி வாசலில் நின்று "நீங்க போங்க", "இல்ல நீங்க போங்க" என்கிற எங்கள் ஊர் மரியாதை பாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பாலகன் பிறந்த பாட்டு போகப் போக அடக்க ஆராதனை மாதிரி ஆகிவிட்டது. கூடத்திலிருந்து அப்பா, "யாரு தவறிட்டா?" என்று கேட்டார்.

நவம்பர் 19, புதன்

மருந்து கண்டுபிடித்தாயிற்று. சர்வரில் ஒரு டக்-டக் தாளம் ஓடவிட்டிருக்கிறேன். எல்லாருக்கும் கட்டளை: அடுத்தவர் பாடுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. யாருக்காகவும் காத்திருக்காதே. டக் வருமுன் ஒரு மயிரிழை முந்தியே வாயைத் திற.

"அது மரியாதையா டீச்சர்?" என்றார் கிங்ஸ்லி.

"மரியாதை பாத்தா பென்டிரைவுதான் பாடும்."

நவம்பர் 23, ஞாயிறு

வந்துவிட்டது! நாலு குரலும் சேர்ந்து விழுந்தது. பாட்டு முடிந்தது. ஆசீர் அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் பஹ்ரைனிலிருந்து தெளிவாக வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, என்ன சந்தோஷம்!

நவம்பர் 29, சனி

பயிற்சி மாலை ஆறரைக்கு. கிங்ஸ்லி தினமும் ஆறுக்கே வந்துவிடுகிறார், மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. மைக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கவனமாக இருப்பது நல்லதுதானே. நானும் சர்வரைப் பார்க்க ஆறுக்கு உட்கார வேண்டியிருக்கிறது.

இன்று ஷீபா சீக்கிரமே வந்துவிட்டாள். நாங்கள் அப்போது புளியோதரைக்கு எள் வறுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "ஓஹோ, இதான் மைக் டெஸ்ட்டா? நான் அப்புறம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் குசும்புதான். எனக்கு நாற்பத்தொரு வயது, கொயரை நடத்துகிறேன், வேறு யோசிக்க நேரமில்லை.

டிசம்பர் 6, சனி

தேவசகாயம் அண்ணாச்சி, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு வீடுகளின் பெயர் கேட்டு வந்தார். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அலமாரிக் கதவு திறந்து, போர்வைக்குப் பக்கத்திலிருந்து பேஸ் குரல் வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, சேலைக்கு நடுவுல ஆம்பளைச் சத்தம் கேக்கு?"

"ஆசீர் அண்ணன். பஹ்ரைன்ல இருந்து பாடுதாவ."

ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுவும் மிஷின்தானம்மா. கோயில்ல நேர்ல நின்னு பாடுங்க, அப்பப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அப்பா கொடுத்த முறுக்கை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். பார்க்கட்டுமே. நன்றாகப் பார்க்கட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

நாலு பாட்டும் மனப்பாடம். வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டினோம். அப்பா ஏணியில் ஏறியபடி, "அந்த கிங்ஸ்லி நல்ல பையன்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே! "ஏணியைப் பாத்து எறங்குங்க" என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

எல்லாரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆராதனைக்கு நீலச் சேலை கட்டி, அவிழ்த்து, பச்சை கட்டி, திரும்ப நீலத்துக்கே வந்தேன். பச்சை சரியாக இஸ்திரி போடவில்லை.

கிங்ஸ்லியை வாசலில் பார்த்தேன். போன கிறிஸ்மஸுக்குப் பார்த்ததைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். "நல்லாருக்கீங்களா டீச்சர்?" "நல்லாருக்கேன்." "அப்பா?" "நல்லாருக்காங்க." அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. தினமும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்! செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

என்னத்தை எழுத. நாசமாய்ப் போயிற்று.

மாலை கோயிலில் முதல்முறையாக எல்லாரும் நேரில் நின்றோம். நான் கையை உயர்த்தித் தாளம் போட்டேன். போடுவதற்கு முன்பே பாடிவிட்டார்கள். அத்தனை பேரும்! யாருக்கும் காத்திருக்காதே, முந்தி வாயைத் திற என்று படித்துப் படித்துச் சொன்னேன் அல்லவா? உள்ளுக்குள் ஏறிப்போய்விட்டது. நேரில் நிற்கும்போது தாமதம் ஏது? ஆசீர் அண்ணன் முந்த, அவரை ஷீபா முந்த, அவளை கிங்ஸ்லி முந்த, பாட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியது. மேய்ப்பர்கள் பெத்லகேமுக்கு ரேஸில் போய்ச் சேர்ந்தார்கள்.

"மெதுவா" என்று கத்தினேன். ஆளுக்கு ஒரு மெதுவாகப் பாடினார்கள். அது இன்னும் மோசம். ஒருவர் பாடுவதை இன்னொருவர் கேட்பதையே விட்டுவிட்டோம். கேட்காமலிருக்கச் சொன்னவள் நான்தான்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து அந்த லேப்டாப்பைப் பார்த்து நாலு வார்த்தை திட்டினேன். பிறகு போர்வையில் முகத்தை வைத்து அழுதேன். நாளைக் காலை பத்து மணிக்குக் கமிட்டி.

டிசம்பர் 23, செவ்வாய் – மதியம்

காலையில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஐயர், செயலர், இன்னும் நாலு பேர் முன் பெஞ்சில். சவுண்ட் பாக்ஸில் பென்டிரைவ் ஏற்கனவே செருகியாகிவிட்டது. நான் கையைத் தூக்கினேன். மறுபடியும் அதே ஓட்டம். இரண்டாவது அடி முடிவதற்குள் நானே நிறுத்திவிட்டேன். தேவசகாயம் அண்ணாச்சி ஏளனமாகக்கூடச் சிரிக்கவில்லை, பாவப்பட்டுப் பார்த்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

"விட்ருவோம்மா. ஊரு பூரா வரும், அங்க வச்சி அசிங்கமாயிரக் கூடாதுல்லா?"

"ஒரே ஒரு தடவ அண்ணாச்சி."

ஐயர் தலையாட்டினார். என்ன செய்வதென்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. திரும்பி கொயரைப் பார்த்தேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் திரைக்கு முன்னால் நின்ற அதே நிலை! ஒரு மாதத்துக்கும் மேலாகப் பெயரையும் பச்சைப் பட்டையையும் பார்த்துப் பாடியவர்களுக்கு, எதிரில் முகம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

கையைக் கீழே இறக்கினேன். "வரிசையைக் கலைங்க. வட்டமா நில்லுங்க. நான் தாளம் போட மாட்டேன். உள்ளுக்குள்ள யாரும் எண்ணக் கூடாது. பக்கத்துல நிக்கவங்க மூச்சு எடுக்கதப் பாருங்க. அவங்க எடுக்கும்போது நீங்களும் எடுங்க. அவ்வளவுதான்."

வட்டம் போட்டதில் கிங்ஸ்லி எனக்கு நேர் எதிரில் வந்துவிட்டார். நான் ஐயரைப் பார்த்தேன், ஃபேனைப் பார்த்தேன், ஆசீர் அண்ணனின் பஹ்ரைன் வாட்சைப் பார்த்தேன்.

"நாங்க யாரப் பாத்து ஆரம்பிக்க டீச்சர்?" என்றார் கிங்ஸ்லி.

"என்னப் பாருங்க."

"நீங்களும் பாத்தாத்தான முடியும்? ரெண்டு நாளா நீங்க எங்க பக்கம் திரும்பவே இல்லியே."

ஷீபா இருமினாள். அவளை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பார்த்தேன். நேராகப் பார்த்தேன். அவர் கண்ணில் பயம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. காதோரம் நரை. நான் மூச்சு இழுத்தேன், அவரும் இழுத்தார். பக்கத்தில் ஆசீர் அண்ணன் தோள் ஏறியது. பிறகு யார் ஆரம்பித்தது என்று தெரியாமலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஓடவில்லை. இழுக்கவும் இல்லை. இரண்டாவது சரணத்தில் சொப்ரானோ மெலிய, டெனார் தானாகத் தணிந்து வழிவிட்டது. நான் சொல்லிக்கொடுக்காதது அது. முடிந்தபோது தேவசகாயம் அண்ணாச்சி எழுந்து போய் பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலமும் இப்படியே வட்டமா நில்லுங்க. வரிசைல நின்னு கெடுத்துராதிய" என்றார். பேச்சில் அதிகாரம் குறையவில்லை. குறைந்தால் அவர் அவர் இல்லையே.

டிசம்பர் 23 – இரவு

பாடினோம். நாலு குரலிலும், நாலு பாட்டும். வெளியில் நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஈஸ்டருக்கும் கொயர்தான் என்று ஐயர் மைக்கிலேயே அறிவித்துவிட்டார். தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் படுக்கிறேன். இதைவிட நல்ல நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

டிசம்பர் 24, புதன்

அதிரசம், முறுக்கு, வீடு கழுவல். கிங்ஸ்லி வரவில்லை. ஏன் வர வேண்டும்? இருந்தாலும் வாசலை இரண்டு தடவை பெருக்கினேன்.

டிசம்பர் 25, வியாழன்

விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து பலகாரத் தட்டுகளைப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கிங்ஸ்லி ஒரு கேக் பெட்டியோடு வந்தார். அப்பா அவரை உட்கார வைத்து, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லி அடுக்களைக்குள் போனார். அடுப்பில் எதுவும் இல்லை. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

"ரெண்டாம் தேதி கிளம்புதேன் டீச்சர்."

"சரி."

"ஈஸ்டர் பாட்டு எப்ப ஆரம்பிக்கீங்க?"

"லெந்து நோன்புல. பிப்ரவரி நடுவுல."

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றார். கேக் பெட்டியின் நூலை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார், திரும்ப அவிழ்த்தார். அந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அடுத்த கிறிஸ்மஸ் வந்துவிடும் என்று தோன்றியது. எனக்குப் பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, அவர் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தேன்.

"கிங்ஸ்லி, நீங்க என்னக் கல்யாணம்…"

"சரி" என்றார்.

நான் இன்னும் கேட்டே முடிக்கவில்லை! அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "முந்திட்டேனோ?"

"முந்திட்டீங்க. முழுசாக் கேக்கேன், இருங்க."

முழுசாகக் கேட்டேன். அவரும் முழுசாகக் கேட்டுவிட்டு, மூச்சை இழுத்து, "சரி" என்றார்.

அடுக்களையிலிருந்து கொஞ்சம் தாமதமாக அப்பா, "எனக்கும் சரிதான்" என்றார்.